கிலோமீட்டரை வகுத்தால் மணி கிடைக்காது

டெல்லியிலிருந்து உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் நேர்கோட்டில் ஏறக்குறைய 1,580 கிலோமீட்டர். கஜகஸ்தானின் அல்மாட்டி 1,640. சென்னையோ 1,760. ஆக, டெல்லிவாசிக்குச் சென்னையைவிட இந்த இரண்டு ஊர்களும் பக்கம். ஆனால் 2025 ஏப்ரல் கடைசியில் இண்டிகோ நிறுவனம் தாஷ்கண்டுக்கும் அல்மாட்டிக்குமான சேவைகளை நிறுத்திக்கொண்டது. கையில் இருக்கும் விமானங்களால் அவ்வளவு தொலைவு போய்ச் சேர முடியாது என்பதுதான் அது சொன்ன காரணம். அதே நாட்களில் அதே நிறுவனத்தின் விமானங்கள் டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே நாள் முழுக்கப் போய்வந்துகொண்டுதான் இருந்தன. தாஷ்கண்ட் எங்கும் நகர்ந்துவிடவில்லை. ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிவிட்டது, அவ்வளவுதான்.

அல்மாட்டி கிட்டத்தட்ட டெல்லிக்கு நேர் வடக்கே இருக்கிறது. நேராக மேலே ஏறிப் போகவேண்டியதுதானே என்று பள்ளிக்கூட அட்லஸை வைத்துக்கொண்டு கேட்கலாம். இமயமும் காரகோரமும் அதற்கு அப்பால் சீனாவின் மேற்குப் பகுதியும் குறுக்கே கிடக்கின்றன. மேற்கே பாகிஸ்தான் கதவைச் சாத்திவிட்டால் அரபிக்கடல் வரை இறங்கி, பெரிய சுற்றாகச் சுற்றித்தான் மேலே ஏற வேண்டும். அந்தச் சுற்றுக்கு அந்த விமானத்தின் எரிபொருள் தாங்காது.

இதை முதலில் சொல்லக் காரணம், நம்மில் பெரும்பாலோர் கேள்வி கேட்காமல் நம்பிவரும் ஒரு கணக்கு. இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு தூரம் இருக்கிறது. விமானத்துக்கு ஒரு வேகம் இருக்கிறது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். கூடக் குறைய ஆனால் விமானக் கம்பெனியின் கோளாறு, அல்லது விமானியின் சோம்பல். கைப்பேசியில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் கிலோமீட்டர் ஒன்று, மணி ஒன்று என்று இரண்டே இரண்டு எண்கள் வந்து நிற்கின்றன. பயண முகவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அதைத்தான் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டில் சரியாக வரும் இந்த விடை, வானத்தில் சரியாக வருவது அபூர்வம். ஏதோ சில நிமிடம் முன்னே பின்னே ஆகும் என்ற அளவில் நான் இதைச் சொல்லவில்லை. கணக்கின் அடிப்படையே பிசகு என்கிறேன். தூரம் கூடினால் நேரம் கூடும் என்ற எளிய உண்மைகூட அங்கே எப்போதும் நிற்பதில்லை.

டெல்லி–சான்பிரான்சிஸ்கோ தடத்தையே எடுத்துக்கொள்வோம். ஏர் இந்தியா இதில் இடைநில்லா விமானத்தை 2015 டிசம்பரில் தொடங்கியது. உருண்டையான பூமியின் மேல் நூலைப் பிடித்து இழுத்தால் வரும் மிகக் குறுகிய தூரம் 12,400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த நூல் எந்தப் பக்கம் போகும் என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். மேற்கே ஐரோப்பா வழியாக என்பார்கள் சிலர், கிழக்கே ஜப்பான் வழியாக என்பார்கள் சிலர். இரண்டும் இல்லை. டெல்லியிலிருந்து ஏறத்தாழ வடக்கு நோக்கிக் கிளம்பி, இமயத்தையும் திபெத்தையும் சீனாவையும் சைபீரியாவையும் தாண்டி, ஆர்க்டிக் கடலில் 75 பாகை அட்சரேகைக்கும் மேலே ஏறி, அலாஸ்கா பக்கமாக இறங்கி வருகிறது அது. இருக்கைத் திரையில் தெரியும் வளைந்த கோட்டைப் பார்த்துவிட்டு "சுத்தி வளைச்சுல்ல போறான்" என்று அலுத்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டும்: பல நேரங்களில் அந்த வளைவுதான் நேர்வழி. தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போடும் கோடுதான் சுற்றுவழி.

ஆனால் அந்த நேர்வழியில் அப்படியே போக முடியாது. திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டர் அளவில். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென இறங்கிவிட்டால், தலைக்கு மேலே இருந்து மஞ்சள் முகமூடிகள் விழும். பல விமானங்களில் அவற்றில் வரும் ஆக்சிஜன் கால் மணி நேரம் அளவுக்குத்தான் தாங்கும். அதற்குள் விமானி பத்தாயிரம் அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு, இறங்கியாக வேண்டும். கீழே தரையே 4,500 மீட்டரில் இருந்தால் எங்கே இறங்குவது? அதனால்தான் அந்தப் பீடபூமியின் மேல் தடங்கள் குறைவு. இருக்கும் தடங்களிலும், எந்த இடத்தில் கோளாறு வந்தால் எந்தப் பக்கம் திரும்பித் தப்புவது என்று முன்கூட்டியே வகுத்து வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஆக, நூல் வழி ஏட்டில் மட்டும். ஏர் இந்தியா முதலில் போனது அட்லாண்டிக் பக்கமாக, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அதை மாற்றி, கிழக்கே பசிபிக் கடலுக்கு மேலாகப் போகத் தொடங்கியது. அந்த வழி 15,300 கிலோமீட்டர். பழைய வழியைவிட 1,400 கிலோமீட்டர் அதிகம். வகுத்தல் கணக்குப்படி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கூடியிருக்க வேண்டும். நடந்தது என்ன? முதல் பசிபிக் பயணம் ஏறக்குறைய பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியில் ஆகிவந்த நேரத்தைவிட இரண்டு மணி நேரம் அளவுக்குக் குறைவு. ஊர்கள் மாறவில்லை, விமானமும் மாறவில்லை. நீளமான வழியில் போனவர்கள் முந்திக்கொண்டு இறங்கினார்கள். பதினைந்தாயிரத்துச் சொச்சத்தைப் பதினான்கரையால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 1,050 கிலோமீட்டருக்கு மேல் வரும். அந்த விமானம் தன் எஞ்சின் பலத்தில் அவ்வளவு வேகம் போகவே போகாது. மிச்ச வேகத்தைக் கொடுத்தது காற்று.

தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு ஒன்று இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் அது வலுக்கும். ஜப்பானுக்கு மேலே உலகிலேயே மிக வலுவான நிலையில் ஓடும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. விமானத்தின் வேகம் என்று நாம் சொல்வது, அதைச் சுற்றியிருக்கும் காற்றை அது கிழித்துப் போகும் வேகம். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தால், ஆற்றோட்டத்தில் போகும் பரிசல்போல விமானமும் சேர்ந்து ஓடும். எதிரே போனால் அதே அளவு பின்னுக்கு இழுபடும்.

இந்தக் காற்றை முறையாக அளந்து எழுதியவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர். தாதெனோ என்ற இடத்து ஆய்வகத்தில் 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் போக்கைத் தொலைநோக்கி வழியே குறித்துக்கொண்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று, 1926இல் தன் முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் முழுக்கப் படிக்கவில்லை. 1944 நவம்பரில் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவுக்கு மேலே மிக உயரத்தில் வந்தபோதுதான், போட்ட குண்டுகள் இலக்கைவிட்டு எங்கெங்கோ போய் விழுவதைக் கண்டு அவற்றின் விமானிகள் திகைத்தார்கள். ஓயிஷியின் பலூன்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்ட செய்தி அது. தூரமும் வேகமும் தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கை அன்றைக்கே உடைந்திருக்க வேண்டியது.

இந்த இடத்தில் இன்னொரு கட்டுக்கதையையும் ஒரு கை பார்த்துவிட வேண்டும். "பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, அதனால்தான் கிழக்கே போனால் சீக்கிரம்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். யோசித்துப் பேசினால் நல்லது. பூமி கிழக்கே சுழல்கிறது என்றால், கிழக்கே இருக்கும் ஊர் விமானத்தைவிட்டு விலகி ஓட வேண்டுமே தவிரக் கிட்டே வரக் கூடாது. அவர்கள் தர்க்கப்படி மேற்கே போவதுதான் சீக்கிரம் ஆக வேண்டும். நடப்பதோ நேர்மாறு. தவிர, சென்னை இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கிறது. மீனம்பாக்கத்தில் ஒரு ஹெலிகாப்டர் எழும்பி ஒரு மணி நேரம் அந்தரத்தில் நின்றால், அது இறங்கும்போது கீழே அரபிக்கடல் இருக்க வேண்டும். அப்படி எந்த ஹெலிகாப்டரும் காணாமல் போனதில்லை. காரணம், காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. பூமியின் சுழற்சிக்கு ஜெட் ஸ்ட்ரீமை உருவாக்குவதிலும் அதன் திசையைத் தீர்மானிப்பதிலும் பங்கு உண்டு. ஆனால் விமானத்தைத் தள்ளுவது காற்றுதான்.

"சரி, போகும்போது காற்று உதவும், வரும்போது தடுக்கும், கூட்டிக் கழித்தால் சமமாகிவிடும்" என்று அடுத்த வாதம் வரும். கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை. 5,400 கிலோமீட்டர் தொலைவு, மணிக்கு 900 கிலோமீட்டர் விமானம். காற்றே இல்லாவிட்டால் போக ஆறு, வர ஆறு, மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். இப்போது மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று வீசட்டும். போகும்போது 1,050 வேகம், ஐந்து மணி ஒன்பது நிமிடம். வரும்போது 750 வேகம், ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். மொத்தம் பன்னிரண்டு மணி இருபத்தொரு நிமிடம். ஏன் கூடியது? காற்று உதவும் திசையில் நாம் குறைந்த நேரமே இருக்கிறோம், தடுக்கும் திசையில் நீண்ட நேரம் இருக்கிறோம். காற்று கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டதுதான் எப்போதும் அதிகம். சராசரி எடுத்துச் சமாதானம் ஆகிறவர்கள் அந்த இருபத்தொரு நிமிடத்துக்கான எரிபொருளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

லண்டன்–நியூயார்க் தடத்தில் இந்தக் காற்று விளையாட்டைத் தினமும் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே சுமார் 5,550 கிலோமீட்டர். 2020 பிப்ரவரியில், கியாரா என்ற புயல் அட்லாண்டிக்கில் வீசிய சமயம், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழியில் அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. எதிர்த்திசையில் அதே தூரத்துக்கு ஏழு, எட்டு மணி நேரம் ஆவது சகஜம். இதில் எது அந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலான "பறக்கும் நேரம்"? கடலுக்கு மேலே போகும் வழியாவது நிலையானதா என்றால், அதுவும் இல்லை. கனடாவின் கேண்டரிலும் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலும் உட்கார்ந்திருக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், அன்றன்றைக்குக் காற்று எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அட்லாண்டிக்கின் மேல் தடங்களைப் புதிதாகப் போடுகிறார்கள். ஐரோப்பா நோக்கி வருபவர்களுக்குக் காற்றோடு சேர்ந்த தடங்கள், அமெரிக்கா நோக்கிப் போகிறவர்களுக்குக் காற்றுக்கு ஒதுங்கிய தடங்கள். நேற்றைய சாலை இன்றைக்கு இருக்காது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. "சென்னையிலிருந்து டெல்லிக்குக் கணக்கு ஓரளவு சரியாகத்தானே வருகிறது? 1,760ஐ 840ஆல் வகுத்தால் இரண்டு மணி ஆறு நிமிடம். ஏற, இறங்க அரை மணி, முக்கால் மணி சேர்த்தால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வந்துவிடுகிறதே!" வருகிறது, உண்மை. ஏன் வருகிறது என்பதுதான் கேள்வி. சென்னை–டெல்லி தெற்கு வடக்காகப் போகும் வழி. மேலே ஓடும் பெருங்காற்று பெரும்பாலும் மேற்கு கிழக்காக வீசுவது. அது விமானத்தின் விலாவில் மோதுகிறதே ஒழிய முதுகில் தள்ளுவதோ முகத்தில் அறைவதோ குறைவு. தூரமும் நடுத்தரம். நடுவில் மூடப்படக்கூடிய எல்லை எதுவும் கிடையாது. இத்தனை சௌகரியங்களும் ஒன்றுசேர்ந்த இடத்தில் ஒரு கணக்கு பலிக்கிறது என்பதற்காக அதை விதியாக்கிவிட முடியாது.

அந்தக் கணக்கைக் கொண்டுபோய்ச் சென்னை–மதுரையில் வைத்துப் பாருங்கள். நேர்கோட்டில் 420 கிலோமீட்டர். 840ஆல் வகுத்தால் அரை மணி. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி அளவில் போட்டிருக்கும். ஆகாயத்தில் முழு வேகத்தை எட்டுவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டிய தூரம் இது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டர் அளவைத் தாண்டக் கூடாது. ஏடிஆர் என்ற சிறிய விமானமாக இருந்தால் அதன் உச்ச வேகமே 500ஐ ஒட்டித்தான். போதாக்குறைக்கு ஓடுபாதை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப வேண்டும், எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சென்னையின் பிரதான ஓடுபாதையில் கடலைப் பார்த்து எழும்பி, பிறகு வளைந்து தெற்கே திரும்ப வேண்டும். மதுரைக்குப் போகிறவர் முதலில் வங்காள விரிகுடாவைத் தரிசித்துவிட்டுத்தான் போகிறார். கிளம்பும் முன் ஓடுபாதை முனையில் இன்னும் நான்கு விமானங்கள் வரிசையில் நின்றால் அதுவும் பயண நேரத்தில் சேரும். இந்தத் தடத்தில் நேரத்தைத் தீர்மானிப்பதில் தூரத்துக்கு இருக்கும் பங்கு பாதிகூட இல்லை.

காற்றைக்கூட இயற்கை என்று விட்டுவிடலாம். எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது, இந்த ஒற்றை எண் மனிதர்களின் முடிவுகளை மறைத்துவிடுகிறது என்பதுதான். ஹெல்சிங்கி–டோக்கியோ பற்றிப் பேசுவோம். பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் ஆசியாவுக்கு அருகில் இருக்கும் ஐரோப்பிய ஊர் என்று ஹெல்சிங்கியைச் சொல்லிச் சொல்லியே வியாபாரம் செய்தது. ரஷ்யாவைக் குறுக்காகத் தாண்டினால் டோக்கியோ ஒன்பதரை மணி நேரம் அளவில். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. ஐரோப்பாவும் ரஷ்யாவும் ஒருவர் வானத்தை மற்றவருக்கு மூடிக்கொண்டார்கள். அதே ஊருக்குப் பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று. வடதுருவத்துக்கு மேலாக ஏறிப் போக வேண்டி வந்தது. பயணிகளுக்கு வடதுருவத்தைக் கடந்ததாக நினைவுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்! வியாபாரிக்கு வியாபாரப் புத்தி போகாது.

இது புதிய கதையும் இல்லை. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வானம் மேற்கத்திய விமானங்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்தது. 1957இல் ஸ்காண்டினேவியாவின் எஸ்ஏஎஸ் நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் போய் எண்ணெய் போட்டுக்கொண்டு டோக்கியோ போகும் துருவ வழியைத் திறந்தது. பிறகு பல நிறுவனங்களுக்கு ஆங்கரேஜ் ஒரு சத்திரம் ஆயிற்று. சோவியத் யூனியன் உடைந்த பிறகு நேர்வழி கிடைத்து, பயணிகள் விமானங்களுக்கான அந்தச் சத்திரம் வெறிச்சோடியது. முப்பது ஆண்டு கழித்து மறுபடி பழைய சுற்று. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே இருக்கும் தூரம் இந்த எழுபது ஆண்டுகளில் ஒரு முழம்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நம் பக்கத்துக்கு வந்தால், 2019 பிப்ரவரி முதல் ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் வான்வெளி நமக்கு அடைபட்டிருந்தது. ஜூலை 2 வரைக்குமே ஏர் இந்தியாவுக்கு ஏற்பட்ட இழப்பு 491 கோடி ரூபாய் என்று விமானப் போக்குவரத்து அமைச்சர் ஹர்தீப் சிங் புரி நாடாளுமன்றத்தில் சொன்னார். இண்டிகோவின் டெல்லி–இஸ்தான்புல் விமானம் வழியில் தோஹாவில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போனது. 2025இல் மீண்டும் மூடியபோது, ஏர் இந்தியாவின் வட அமெரிக்க விமானங்கள் சில வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி ஏறின. எண்ணெய் போடத்தான். இடைநில்லா விமானம் என்று காசு கொடுத்து ஏறியவர் நடுவில் ஓர் ஊரின் ஓடுபாதையை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சான்பிரான்சிஸ்கோ தடத்துக்கே மறுபடி வருகிறேன். அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் கிடையாது. ஏர் இந்தியாவுக்கு உண்டு. அதனால் ஒரே ஊருக்கு, ஒரே அளவு விமானத்தில், கொடி மாறினால் வழி மாறும், வழி மாறினால் நேரம் மாறும். இந்தச் சலுகைக்கும் ஒரு விலை இருக்கிறது. 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானத்தின் ஓர் எஞ்சினில் கோளாறு. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் மகதானில் இறக்கினார்கள். 216 பயணிகள், 16 ஊழியர்கள். அத்தனை பேருக்கும் அந்தச் சிறிய ஊரில் ஓட்டல் அறை கிடைக்காமல் தற்காலிக இடங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து மாற்று விமானம் போய் ஏற்றிச் செல்ல ஒரு நாளுக்கும் மேல் ஆயிற்று. டிக்கெட் வாங்கும்போது "டெல்லி–சான்பிரான்சிஸ்கோ, இத்தனை மணி நேரம்" என்று மட்டும் பார்த்தவர்களுக்கு, அந்த மணி நேரத்துக்குள் மகதானும் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

காற்றுக்கும் அரசுகளுக்கும் அடுத்து, பயண நேரத்தை மாற்றும் மூன்றாவது கை கம்பெனியுடையது. பெரும்பாலான ஜெட் விமானங்களின் கணினியில் கிளம்பும் முன் விமானி ஓர் எண்ணைத் தட்டுகிறார். காஸ்ட் இண்டெக்ஸ். நேரத்தின் செலவு பெரிதா, எண்ணெயின் செலவு பெரிதா என்ற கம்பெனியின் கணக்கு அந்த எண்ணுக்குள் அடக்கம். எண் பெரிதானால் விமானம் விரட்டிப் போகும், சிறிதானால் சிக்கனமாகப் போகும். எண்ணெய் விலை ஏறும் காலத்தில் அதே தடத்தில் அதே விமானம் சற்று நிதானமாகப் பறப்பதுண்டு. உங்களுடைய பத்து நிமிடம் அங்கே எண்ணெயாக மிச்சப்படுகிறது. உங்களிடம் கேட்டுக்கொண்டு அல்ல.

விமானங்கள் வருடத்துக்கு வருடம் வேகமாகிக்கொண்டே போகின்றன என்ற நினைப்பும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1958இல் சேவைக்கு வந்த போயிங் 707, இன்று நாம் ஏறும் ஏ320ஐவிட மெதுவானது அல்ல. சொல்லப்போனால் கொஞ்சம் வேகம். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் போன கான்கார்டு 2003இல் ஓய்வுபெற்றது. அதன் இடத்தில் இன்றுவரை எதுவும் வரவில்லை. பயண நேரம் குறைய வேண்டும் என்று தொழில்நுட்பம் துடித்துக்கொண்டிருக்கவில்லை. எண்ணெய் குறைய வேண்டும் என்றுதான் துடிக்கிறது.

அட்டவணை நேரத்தின் சூட்சுமம் தனி. டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. புறப்படும் இடத்தில் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, சேரும் இடத்தில் நிற்கும் வரைக்குமான நேரம் அது. தொழிலில் இருப்பவர்கள் பிளாக் டைம் என்பார்கள். அதற்குள் கொஞ்சம் தாராளமாகவே இடம் விட்டுத் தைப்பது கம்பெனிகளின் வழக்கம். கால் மணி நேரத்துக்குள் வந்தால் "சரியான நேரம்" என்று புள்ளிவிவரத்தில் ஏறும். அதனால்தான் ஒரு மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் அரை மணி தாமதமாக வந்து சேர்கிறது. பல நாள் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கி, "குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்" என்று பெருமையாக அறிவிக்கிறார்கள். பயணிகள் சிலர் கைகூடத் தட்டுகிறார்கள். தானே வைத்த மதிப்பெண் தாளில் தானே முதலிடம்.

"அதெல்லாம் இருக்கட்டும், சாதாரணப் பயணிக்கு ஏதோ ஒரு எண் வேண்டாமா?" என்பது கடைசி எதிர்ப்பு. வேண்டும். மகளின் பிரசவத்துக்காக முதல்முறை சான்பிரான்சிஸ்கோ கிளம்பும் அம்மாவுக்கு, இன்சுலினை எப்போது போட்டுக்கொள்வது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள ஓர் எண் கட்டாயம் வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைக்க, டெல்லியில் அடுத்த விமானத்தைப் பிடிக்க, விமான நிலையத்துக்கு யார் வருவது என்று மருமகன் தீர்மானிக்க, எல்லாவற்றுக்கும் வேண்டும். அதனால்தான் அந்த எண் பொய்யாக இருக்கக் கூடாது என்கிறேன். போக ஒன்று, வர ஒன்று; குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று; நடுவில் இறங்க நேரலாம் என்றால் அதையும் சேர்த்து. கம்பெனிகளிடம் இல்லாத தகவல் எதையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் கிளம்பும் சில மணி நேரம் முன்பே பிளைட் பிளான் தயாராகிவிடுகிறது. அதில் காற்றுக்கென்றே இடம் உண்டு. உதவும் காற்றுக்கு "பி", தடுக்கும் காற்றுக்கு "எம்", பக்கத்தில் வேகம். அன்றைக்கு எத்தனை மணி, எத்தனை நிமிடம் பறக்கப்போகிறோம் என்பதும் அதே தாளில் இருக்கிறது. கதவு மூடிய பின் கேப்டன் ஒலிபெருக்கியில் சொல்லும் நேரம் அந்தத் தாளிலிருந்து வருவதுதான். டிக்கெட் விற்கும் கவுண்டரிலிருந்து அந்தத் தாள் வரைக்கும் நடுவில் ஏன் ஒரே ஓர் எண்ணை மட்டும் பயணியின் கையில் திணிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

தூரமே நேரம் என்பதைக் கம்பெனிகள் நம்புவதில்லை. உலகம் முழுக்க விமான அட்டவணைகள் வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிற்றிலும் அக்டோபர் கடைசி ஞாயிற்றிலும் மாறுகின்றன. நீண்ட கிழக்கு மேற்குத் தடங்களில் பயண நேரத்தையும் அப்போது திருத்துகிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் ஒரே தடத்தின் ஜூலை டிக்கெட்டையும் ஜனவரி டிக்கெட்டையும் எடுத்து, புறப்படும் மணியையும் சேரும் மணியையும் விட்டுவிட்டு (அமெரிக்காவில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்கள், குழம்ப வேண்டாம்), மொத்தப் பயண நேரம் என்ற வரியை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.